ஐஸ் தொட்டிக்குள் இறங்கும் முன்...



கிள்ளான் வட்டாரக் காற்பந்துத் திடல்களின் ஓரத்தில் இப்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்க்க முடிகிறது. ஆட்டம் முடிந்து வியர்வை சொட்டச் சொட்ட வரும் இளைஞர்கள் நேராக ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியை நோக்கிப் போகிறார்கள். தொட்டி நிறையத் தண்ணீர். தண்ணீரின் மேல் மிதக்கும் ஐஸ் கட்டிகள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக உள்ளே இறங்குகிறார்கள். பக்கத்தில் ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்கிறார். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் போகும் பிள்ளைகளும் “இன்றைக்கு ஐஸ் குளியல் போட்டாச்சு” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

வீட்டில் இருக்கும் பாட்டிக்கு இது புரிவதே இல்லை. “கால் உளைச்சலுக்கு வெந்நீர்தானேடா ஊத்துவாங்க? இது என்ன கூத்து?” என்று கேட்கிறார். “பாட்டி, உலகச் சாம்பியன்களே இப்படித்தான் செய்றாங்க” என்கிறான் பேரன்.

பாட்டி சொல்வது சரியா? பேரன் சொல்வது சரியா? இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடலாம். இருவரிடமும் பாதி உண்மை இருக்கிறது. ஐஸ் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கேட்டால் விடை கிடைக்காது. எப்போது, எதற்காக என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

வழக்கம் வந்த வழி

காயத்துக்கு ஐஸ் வைப்பது புதிதல்ல. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் தம்முடைய விளையாட்டு மருத்துவ நூலில் நான்கு சொற்களைச் சேர்த்து ஒரு சூத்திரம் கொடுத்தார். ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டுதல், உயர்த்தி வைத்தல். ஆங்கில முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ‘ரைஸ்’ என்று வரும். உலகம் முழுவதும் பயிற்றுநர்கள் இதை மனப்பாடமாகச் சொன்னார்கள். அதே மிர்கின் 2014-இல் என்ன சொன்னார் தெரியுமா? ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்றார். தாம் கொடுத்த சூத்திரத்தைத் தாமே திருத்திக்கொண்டார்.

ஒரு மூட்டில் ஐஸ் வைப்பது வேறு. உடம்பையே ஐஸ் தண்ணீரில் இறக்குவது வேறு. இந்த இரண்டாவது பழக்கத்தைப் பரவலாகப் பேச வைத்தவர்களில் ஒருவர் பிரிட்டனின் தொலைதூர ஓட்ட வீராங்கனை பாவ்லா ராட்கிளிஃப். 2002-இல் மியூனிக் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 10,000 மீட்டர் தங்கத்தை வென்ற அவர், ஐஸ் குளியலும் தமக்கு உதவியது என்று சொன்னார். அன்று தொடங்கி ரக்பி வீரர்கள், டென்னிஸ் வீரர்கள், காற்பந்துக் குழுக்கள் என்று எல்லாரும் தொட்டிக்குள் இறங்கினார்கள். இன்று அது திடல் ஓரத்துக்கே வந்துவிட்டது.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

கடுமையாக விளையாடிய மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை வலிக்கிறதே, அது ஏன்? “லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது” என்று பலர் சொல்வார்கள். அது தவறு. உழைப்பின்போது சேரும் அந்தப் பொருள் ஆட்டம் முடிந்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் வரும் வலிக்குக் காரணம் வேறு. பழக்கமில்லாத பளு தசை நார்களில் நுண்ணிய சேதங்களை உண்டாக்குகிறது. அவற்றைச் சரிசெய்ய உடம்பு முனைகிறது. அந்த இடம் சற்றே வீங்குகிறது, உளைகிறது. இந்த வலி 24 மணி நேரத்துக்குப் பிறகு கூடி, 72 மணி நேரத்துக்குள் மெல்லத் தணியத் தொடங்கும்.

குளிர்ந்த நீரில் இறங்கியதும் தோலிலும் தசையிலும் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. நரம்புகள் வலிச் செய்தியை மெதுவாகக் கடத்துகின்றன. சுற்றியுள்ள நீரின் அழுத்தம் வீக்கத்தைக் கட்டுப்படுத்துகிறது. காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக நீர் உடம்பின் சூட்டை உறிஞ்சுகிறது. அதனால்தான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்தால் கிடைக்காத பலன் தொட்டியில் கிடைக்கிறது.

ஆனால் எந்த நீர்? ஆய்வுகளில் பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்த நீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். கோலாலம்பூரில் குழாயைத் திறந்தால் வருவது 27, 28 டிகிரி நீர். இங்கிலாந்துக்காரருக்குக் குழாய்த் தண்ணீரே பாதி வேலையை முடித்துவிடும். நமக்கு ஐஸ் இல்லாமல் நடக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 100 லிட்டர் நீரை 28 டிகிரியிலிருந்து 14 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 15 கிலோ ஐஸ் தேவை. ஓர் ஆள் இடுப்பளவு அமிழும் தொட்டிக்கு 200 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 30 கிலோ. வெயிலில் வைத்தால் இன்னும் கூடும். இரண்டு பை ஐஸைக் கொட்டிவிட்டு ‘ஐஸ் குளியல்’ என்று பெயர் வைத்தால், அது புகைப்படத்துக்கு மட்டும்தான் உதவும்.

ஆய்வுகள் சொல்வது

சரி, பலன் உண்டா? உண்டு. 2012-இல் காக்ரேன் எனும் மருத்துவ ஆய்வுத் தொகுப்பில், கிறிஸ் பிளீக்லி தலைமையிலான குழு 17 சிறிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 366 பேர். சும்மா ஓய்வெடுத்தவர்களைவிடக் குளிர்நீரில் இறங்கியவர்களுக்கு அடுத்த சில நாள்களுக்குத் தசை வலி குறைவாக இருந்தது. ஆனால் தீங்குகள் ஏதும் நேர்ந்தனவா என்பதை அந்த ஆய்வுகள் போதுமான அளவு கவனிக்கவில்லை என்றும் அந்தக் குழு எச்சரித்தது.

இன்னொரு சுவையான ஆய்வு 2014-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. 30 ஆண்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு 10 டிகிரி குளிர்நீர். இரண்டாம் பிரிவுக்கு உடம்புக்கு இதமான வெதுவெதுப்பான நீர். மூன்றாம் பிரிவுக்கும் அதே வெதுவெதுப்பான நீர்தான். ஆனால் அதில் வெறும் குளியல் சோப்புத் திரவத்தை ஊற்றி, “இது தசையை மீட்கும் சிறப்பு எண்ணெய்” என்று சொல்லிவிட்டார்கள். முடிவு என்ன? சோப்புத் தண்ணீரில் நம்பிக்கையோடு உட்கார்ந்தவர்கள் கால் வலிமையில் குளிர்நீர்ப் பிரிவுக்குச் சமமாகவே மீண்டார்கள்!

ஆகவே ஐஸின் பலனில் ஒரு பங்கு நீரில் இருக்கிறது, இன்னொரு பங்கு மனத்தில் இருக்கிறது. இதைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “உடம்பு தயார்” என்று நம்பித் திடலில் இறங்குகிறவனுக்கு அந்த நம்பிக்கையும் ஒரு பலம்தான்.

நாளைக்கும் ஆட்டம் இருந்தால்

எப்போது ஐஸ் தொட்டி உண்மையில் கைகொடுக்கும்? இன்று விளையாடி, நாளையும் விளையாட வேண்டியிருக்கும்போது.

சுவர்ப்பந்து வீராங்கனை எஸ். சிவசங்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் சாலை விபத்தில் கழுத்தில் கடுமையான காயம். அந்த ஆண்டு காமன்வெல்த் போட்டிக்கே போக முடியவில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவர் குழுப் பிரிவிலும் தங்கம் வென்றார், தனிநபர் பிரிவிலும் தங்கம் வென்றார். குழுப் போட்டி முடிந்த கையோடு தனிநபர் போட்டி தொடங்கிவிட்டது. பத்து நாள் அளவில் ஆட்டத்தின் மேல் ஆட்டம்.

பூப்பந்தில் கிள்ளானில் பிறந்த எம். தீனாவைப் பாருங்கள். பெர்லி டானுடன் சேர்ந்து 2022-இல் காமன்வெல்த் தங்கம், 2025-இல் பாரிஸ் உலகப் போட்டியில் வெள்ளி. உலகச் சுற்றுப் போட்டி ஒன்றில் பட்டம் வெல்ல ஒரே வாரத்தில் ஐந்து ஆட்டங்கள் ஆடி வெல்ல வேண்டும். அரையிறுதியில் தேய்ந்த கால்கள் மறுநாள் இறுதியாட்டத்தில் மீண்டும் குதிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட நெருக்கடியில் வலி சற்றுக் குறைந்தாலும் அது பெரிய உதவி. அந்த வாரத்தில் யாரும் புதிதாகத் தசை வளர்க்கப் போவதில்லை. ஏற்கெனவே சேர்த்து வைத்ததைச் செலவழிக்கும் வாரம் அது. அங்கே 10 முதல் 15 டிகிரி நீரில், 10 முதல் 15 நிமிடம் இருப்பது நியாயமான முடிவு. அதுவும் உண்பது, தண்ணீர் குடிப்பது, நன்றாகத் தூங்குவது ஆகிய மூன்றையும் செய்த பிறகு. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஐஸில் உட்காருவது, கூரை ஒழுகும் வீட்டுக்குச் சாயம் பூசுவது போல!

வளர வேண்டிய காலத்தில்

இப்போது மறுபக்கம். நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாளை இறுதியாட்டம் இல்லை. அவர்களுக்கு இருப்பது பயிற்சிக் காலம். பளு தூக்கி, குந்தி எழுந்து, தசையையும் வலிமையையும் வளர்க்கும் காலம். அங்கே ஐஸ் என்ன செய்கிறது?

2015-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, 21 ஆண்களுக்கு 12 வாரம், வாரத்துக்கு இரண்டு நாள் கால் வலிமைப் பயிற்சி கொடுத்தது. பயிற்சி முடிந்ததும் ஒரு பிரிவினர் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் இருந்தார்கள். மற்றவர்கள் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். 12 வாரம் முடிந்து அளந்து பார்த்தபோது, ஐஸ் தொட்டிக்குப் போனவர்களின் தசையும் வலிமையும் மற்றவர்களைவிடக் குறைவாகவே வளர்ந்திருந்தன. அதே பயிற்சி, அதே வியர்வை, ஆனால் கிடைத்த கூலி குறைவு.

2020-இல் நெதர்லாந்தில் இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். 12 இளைஞர்கள். பயிற்சிக்குப் பின் ஒவ்வொருவரும் ஒரு காலை 8 டிகிரி நீரிலும் மறு காலை 30 டிகிரி நீரிலும் 20 நிமிடம் வைத்தார்கள். ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே பயிற்சி. இரண்டு வாரத்தில், குளிர்ந்த காலில் புதிய தசைப் புரதம் உருவாகும் வேகம் குறைந்திருந்தது.

காரணம் எளிது. பயிற்சிக்குப் பின் வரும் அந்த வீக்கமும் சூடும் உடம்புக்கு எதிரிகள் அல்ல. “இங்கே வேலை நடக்க வேண்டும், கல்லும் மணலும் அனுப்பு” என்று உடம்பு அனுப்பும் செய்தி அது. ஒவ்வொரு நாளும் ஐஸில் இறங்குகிறவர் அந்தச் செய்தியைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார். தொலைதூர ஓட்டம் போன்ற நீண்ட நேரப் பயிற்சிகளில் இந்தக் குறை அவ்வளவாகத் தென்படவில்லை. ஆனால் வலிமைப் பயிற்சியில் இது தெளிவாகவே தெரிகிறது.

டாக்டர் எம். ஜெகதீசனை மறக்க முடியுமா? 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் நின்றது. ஐஸ் குளியல் ஒரு பொது வழக்கமாகப் பரவாத காலம் அது. அந்தக் கால்களை வளர்த்தது பயிற்சியும் பொறுமையும்.

பிள்ளை முன்னேற வேண்டும் என்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் காலணி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர்கள் இந்த அரங்கிலும் இருக்கிறார்கள். ஐஸ் தொட்டிக்கென்று சில நூறு வெள்ளி, சிலர் பல ஆயிரம் வெள்ளிகூடச் செலவழிக்கிறார்கள். அந்தப் பணத்தில் முட்டையும் பாலும் மீனும் வாங்கிக் கொடுங்கள். பிள்ளையை நேரத்தோடு தூங்க விடுங்கள். வளரும் தசை கேட்பது அதைத்தான்.

பாட்டியின் வெந்நீரும் இங்கே பொருந்தும். தைப்பூசத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து பத்துமலை வரை நடந்து, 272 படி ஏறி இறங்கி வந்தவர்களின் கால் உளைச்சலுக்கு எத்தனை வீடுகளில் வெந்நீர் ஊற்றியிருப்பார்கள்! வெதுவெதுப்பான நீர் இறுகிய தசையைத் தளர்த்தும், இரத்த ஓட்டத்தைக் கூட்டும். ஒன்றை மட்டும் பாட்டியும் கவனிக்க வேண்டும். சுளுக்கிப் புதிதாக வீங்கிய கணுக்காலுக்கு முதல் இரண்டு நாள் சூட்டு ஒத்தடம் வேண்டாம்.

யார் இறங்கக் கூடாது?

வார இறுதியில் ஃபுட்சால் ஆடும் நாற்பது, ஐம்பது வயது அன்பர்களும் இப்போது தொட்டிக்கு ஆசைப்படுகிறார்கள். சட்டென்று குளிர்நீரில் இறங்கினால் மூச்சு திணறும், இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறும். இதய நோயாளிகள், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் குளிர் தோலைப் பாதிப்பதே தெரியாது. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதைத் தேசியச் சுகாதார ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இதை நம் சமுதாயத்துக்கென்றே சொல்லப்பட்ட எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். யாராக இருந்தாலும் தனியாக இறங்க வேண்டாம். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். “யார் அதிக நேரம் தாக்குப் பிடிப்பது” என்ற பந்தயம் வேண்டவே வேண்டாம்.

ஐஸ் உயிர் காக்கும் இடம்

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வெயில் நாட்டில் ஐஸ் தொட்டி கட்டாயம் இருக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. வெப்பத் தாக்கம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக் வந்து ஒருவர் சுருண்டு விழும் இடம்.

2023 மே மாதத்தில் வெப்பம் கடுமையானபோது, பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தும்படி கல்வியமைச்சு அறிவித்தது நினைவிருக்கும். அமைச்சு அறிவிக்காத நாள்களிலும் திடலில் வெயில் காய்கிறது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் தங்கம் வென்றார். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக இந்தக் காற்றின் ஈரத்திலும் சூட்டிலும் நடந்து வென்ற தங்கம் அது. பல ஆண்டுப் பயிற்சியால் பக்குவப்பட்ட உடம்பு அதைத் தாங்கியது. குறுக்கோட்டத்தில் முதல் தடவையாக ஓடும் மாணவனின் உடம்பு தாங்குமா?

அடையாளம் இதுதான். ஓடிக்கொண்டிருந்தவர் தள்ளாடுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார், கோபப்படுகிறார் அல்லது மயங்கி விழுகிறார். உடம்பு கொதிக்கிறது. வியர்வை வழிந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். உள்ளே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். அரை மணி நேரத்துக்குள் அதை இறக்கியாக வேண்டும். தாமதமானால் மூளை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பாதிக்கப்படும்.

அங்கே விதி ஒன்றுதான். முதலில் குளிர வை, பிறகு கொண்டு போ. 999-க்கு அழைத்துவிட்டு, நிழலுக்குக் கொண்டுவந்து, காலணியைக் கழற்றி, கழுத்து வரை ஐஸ் நீரில் அமிழ்த்த வேண்டும். தலை மூழ்காதபடி ஒருவர் அக்குளில் கைகொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி என்ற வேகத்தில் உடம்பு ஆறும். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. தொட்டி இல்லையென்றால் குழாய் நீரை ஊற்றிக்கொண்டே, ஐஸ் நீரில் நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு விசிற வேண்டும்.

இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் ஃபால்மவுத் நகரில் ஆகஸ்ட் மாத வெயிலில் ஆண்டுதோறும் சாலை ஓட்டம் நடக்கிறது. 18 ஆண்டுகளில் வெப்பத் தாக்கத்துக்கு ஆளான 274 பேரை அங்கேயே குளிர்நீரில் அமிழ்த்திக் காப்பாற்றினார்கள். 274 பேரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை.

ஆகவே பயிற்றுநர்களுக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும், திடல்களை நடத்தும் மன்றங்களுக்கும் இந்த அவையின் வழி ஒரு வேண்டுகோள். விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் வாடகைக்கு எடுக்கிறோம், ஒலிபெருக்கி எடுக்கிறோம், கோப்பைகள் வாங்குகிறோம். அந்தப் பட்டியலில் ஒரு தொட்டியையும், மூடி போட்ட பெட்டியில் போதுமான ஐஸையும், அதைப் பயன்படுத்தத் தெரிந்த இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டி முடியும் வரை அந்த ஐஸை யாரும் தொடாமல் இருந்தால் மகிழ்ச்சி. மாலையில் அதைச் சிரப் தண்ணீரில் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம்.

நாளைக்கு ஆட்டம் இருந்தால் ஐஸ் தொட்டி ஒரு துணை. வலிமை வளர்க்கும் மாதங்களில் அது வேண்டாத செலவு. வெயிலில் ஒரு பிள்ளை சுருண்டு விழுந்தால் அதுதான் முதல் மருந்து. இந்த மூன்றையும் பிரித்தறிந்து பயன்படுத்துவோம்.